பஜ்ஜி சுட்ட எண்ணெயில் கார் ஓடுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இவர் டீசல் பம்ப், நாசில் பழுதுபார்க்கும் பணிமனையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் டிவியை அணைத்துவிட்டு கிளப் ஹவுஸ் வரை வந்திருக்கிறீர்கள், நன்றி. கடைசியில் சுண்டலும் காபியும் உண்டு என்று செயலாளர் சொல்லச் சொன்னார். காபி ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். போன மாதம் பி பிளாக் பேஸ்மென்ட்டில், ஒரு பழைய டீசல் அம்பாசடருக்குப் பின்னால், 9 கேன் நிறைய பயன்படுத்திய சமையல் எண்ணெய் இருந்தது. வாடை அடிக்கிறது, எலி வருகிறது என்று ஒருவர் படம் எடுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் 80 பதில்கள். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று ஒரு கட்சி. பூமிக்கு நல்லது செய்கிறவரைத் திட்டலாமா என்று எதிர்க்கட்சி. ஒரே லிஃப்ட்டில் போகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகும் அளவுக்கு வந்துவிட்டது.

கேன்களின் சொந்தக்காரர் மறுநாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். சின்ன வயதுக்காரர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி அது. அப்பா போன பிறகு விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். "அங்கிள், வெளிநாட்டுல எல்லாம் பழைய டீசல் காரை சமையல் எண்ணெயில ஓட்டுறாங்க. நீங்க டீசல் ஆளு. சொல்லுங்க, இது ஓடுமா ஓடாதா?" என்று கேட்டார். அவரைப் பற்றி இங்கே பேச அவரிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ஓடும். நானே ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று விளக்கத்தான் இந்தப் பேச்சு.

டீசல் ஐயா கடலை எண்ணெயில் ஓட்டினாரா?

ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் உலக உயிரி எரிபொருள் நாள் என்று நம் குழுவில் ஒரு செய்தி வரும். 1893-ல் அதே நாளில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார் என்று அதில் இருக்கும். அது சரியில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய முதல் சோதனை எஞ்சினை முயன்று பார்த்த நாள் அது. கடலை எண்ணெய்க்கு அதில் வேலையே இல்லை. நல்லபடியாக ஓடிய எஞ்சின் 1897-ல்தான் வந்தது.

கடலை எண்ணெய்க் கதை நடந்தது 1900-ல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். பிரெஞ்சு ஓட்டோ நிறுவனம் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பிரெஞ்சு அரசாங்கத்தின் யோசனை அது. அவர்களுடைய ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை விளைந்தது. வெளியிலிருந்து நிலக்கரியும் எண்ணெயும் கொண்டுபோகாமல், அங்கே விளைவதை வைத்தே எஞ்சினை ஓட்டிக்கொள்ளலாமே என்று கணக்குப் போட்டார்கள். பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின், எந்த மாற்றமும் இல்லாமல் கடலை எண்ணெயிலும் ஓடியது. டீசலே இதை 1912-ல் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம், 1913-ல், கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கடலில் காணாமல் போனார்.

ஆக, தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 120 வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் உலகம் ஏன் அதில் ஓடவில்லை என்றால், எண்ணெயின் கெட்டித்தன்மைதான் முதல் காரணம்.

ஏன் சூடாக்க வேண்டும்?

அடுப்படிக்குப் போவோம். தோசைக்கல்லில் ஊற்றும்போது எண்ணெய் மெதுவாகச் சொட்டும். கல் காய்ந்ததும் அதே எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும். இந்த விஷயம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நம் நாட்டுத் தரப்படி டீசலின் பாகுத்தன்மை 40 டிகிரி வெப்பத்தில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். அதே வெப்பத்தில் கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் 30 முதல் 40 வரை இருக்கும். ஏறக்குறைய 10 மடங்கு. நாசிலின் வேலை எரிபொருளைப் பனிப்புகை மாதிரி தூவுவது. கெட்டியான எண்ணெயை அதில் தள்ளினால் தூவாது, பீய்ச்சும். பெரிய துளிகள் முழுக்க எரியாது. எரியாத மிச்சம் நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங் பள்ளத்திலும் கரியாகப் படியும்.

எண்ணெயை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த 35, 10-ஐ ஒட்டி இறங்கும். அப்போதும் டீசலைவிடக் கெட்டிதான். ஆனால் சில பழைய எஞ்சின்கள் தாங்கிக்கொள்ளும்.

அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் 80, 90 டிகிரிக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை ஒரு குழாய் வழியாக எண்ணெய் டேங்குக்குள்ளும் ஃபில்டரைச் சுற்றியும் ஓடவிடுவார்கள். ஆக வண்டியில் இரண்டு டேங்க். ஒன்றில் டீசல், மற்றொன்றில் எண்ணெய். டீசலில் ஸ்டார்ட் செய்து, 10, 15 நிமிடம் ஓட்டி, எல்லாம் சூடானதும் ஒரு வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னால் மறுபடி டீசலுக்கு மாறி, பம்பிலும் நாசிலிலும் இருக்கிற எண்ணெயைக் கழுவி வெளியேற்ற வேண்டும். மறந்து அப்படியே நிறுத்திவிட்டால், காலையில் பம்புக்குள் எண்ணெய் ஆறிக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும்.

ஓடிய இடங்கள்

இது ஊரை ஏமாற்றும் வித்தை இல்லை. ஜெர்மனியில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீடு எண்ணெயில் நிறையப் பேர் ஓட்டினார்கள். லுட்விக் எல்ஸ்பெட் என்ற பொறியாளர் தாவர எண்ணெய்க்கென்றே எஞ்சின் வடிவமைத்தார். எரிபொருளாக விற்கும் ரேப்சீடு எண்ணெய்க்கு அங்கே தனித் தரநிர்ணயமே உண்டு. 1970-களின் நடுவிலிருந்து 80-களின் நடுவரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 டீசல் வண்டிதான் இந்தக் கூட்டத்துக்குப் பிடித்த வண்டி. அதில் எண்ணெய் நேராக பிஸ்டன் மேல் விழாது. முன்னறை என்கிற ஒரு சின்ன அறையில் முதலில் எரியும். பம்பும் நல்ல கனமான வரிசை பம்ப். கொஞ்சம் முரட்டுத் தீனி போட்டாலும் ஜீரணிக்கும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், 2002 வாக்கில், எரிபொருள் வரி கட்டாமல் கடைச் சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களைப் பிடித்தார்கள். சாலையில் சிப்ஸ் வாசனை வந்ததை வைத்துத் தேடினார்கள் என்று அப்போது வேடிக்கையாகச் செய்தி வந்தது. பிறகு 2007-ல் அங்கே வருடத்துக்கு 2,500 லிட்டர் வரை வரி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு மனதில் நிற்பது புகன்வில் தீவு. பப்புவா நியூ கினியில் இருக்கிறது. 1990-களில் அங்கே உள்நாட்டுப் போர். வெளியிலிருந்து எரிபொருள் வராமல் தீவை முற்றுகையிட்டார்கள். தீவு முழுக்கத் தென்னை. ஜனங்கள் தேங்காய் எண்ணெய் எடுத்து அதில் வண்டி ஓட்டினார்கள். வேறு வழி இல்லாதவர்கள் செய்த காரியம் அது. நமக்கு வேறு வழி இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

பொள்ளாச்சி ஜீப்

இப்போது என் கதை. என் தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தோப்பு, ஒரு பழைய டீசல் ஜீப். தேங்காய் மூட்டை ஏற்றுவது, ஆட்களைக் கூட்டிப்போவது எல்லாம் அதில்தான். அவர்கள் வீட்டுச் சாப்பாடு அந்த ஜீப்பில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2005-ல் டீசல் விலை ஏறிக்கொண்டே போனபோது நான்தான் ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, தோப்புல காய வச்சுக்கிட்டு எதுக்கு பங்க்ல போய் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். "மச்சான், வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்றார். டீசல் பம்ப் வேலையில் ஊறினவன் நான் இருக்கும்போது என்ன ஆகும் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் லீவு போட்டுவிட்டுப் போய், செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, இரண்டாவது டேங்க் செய்து, வால்வ் வைத்துக் கொடுத்தேன்.

முதல் சில மாதம் திருவிழாதான். கசடு கலந்த, விலை போகாத தேங்காய் எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டி ஊற்றினோம். ஜீப் போகிற வழியெல்லாம் கொப்பரை வாசம். மார்கழி வந்தது. ஒருநாள் காலையில் வண்டி நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது நம் வீட்டுக் குளியலறை பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். ஃபில்டருக்குள் வெள்ளையாக மெழுகு மாதிரி உறைந்திருந்தது. வெந்நீர் ஊற்றி இளக்கினோம். சிரித்துக்கொண்டோம்.

அப்புறம் கொப்பரை விலை ஏறியது. நல்ல விலை போகிற எண்ணெயை யார் எரிப்பார்கள்? நான் இன்னொரு யோசனை சொன்னேன். பலகாரக் கடைகளில் முறுக்கு சுட்டு மிஞ்சிய எண்ணெய் சல்லிசாகக் கிடைக்கும், அதை ஊற்றலாம் என்று. அங்கேதான் தப்பு செய்தேன்.

எல்லா எண்ணெயும் ஒன்று இல்லை. தேங்காய் எண்ணெய் எளிதில் காற்றோடு சேர்ந்து பிசினாகாது. சூரியகாந்தி, சோயா போன்றவை ஆகும். உங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டியின் வெளிப்பக்கம் பழுப்பாக, பிசுபிசுவென்று, எந்த நாரால் தேய்த்தாலும் போகாத ஒரு படலம் இருக்கும் அல்லவா? அந்தப் பிசின்தான். பல முறை காய்ச்சிய எண்ணெயில் அந்த வேலை ஏற்கெனவே பாதி நடந்திருக்கும். போதாக்குறைக்குத் தண்ணீர், உப்பு, மாவுத் துகள், அமிலம் எல்லாம் அதில் உண்டு. செம்பு பட்டால் பிசினாவது இன்னும் வேகமாக நடக்கும். நான் செம்புச் சுருளைத்தானே வைத்திருந்தேன்!

எரியாமல் மிஞ்சும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சேம்பருக்கு வரும். டீசலாக இருந்தால் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும். தாவர எண்ணெய் ஆவியாகாது. அங்கேயே தங்கி, எஞ்சின் ஆயிலோடு கலந்து, ஒருநாள் திடீரென்று திரிந்துவிடும். அதனால் எஞ்சின் ஆயிலைப் பாதிக் கணக்கிலேயே மாற்ற வேண்டும். எனக்கு அது தெரியும். மாப்பிள்ளையிடம் ஒருமுறை சொன்னேன். அறுவடை நேரம், அவர் மறந்துவிட்டார். நான் மெட்ராஸில் இருந்துகொண்டு இரண்டாவது முறை நினைவுபடுத்தவில்லை.

ஆழியாறு பக்கம், மூட்டை ஏற்றிய வண்டி, ஆயில் விளக்கு எரிந்ததை அவர் கவனிப்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சேம்பரைக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சின் ஆயில் அல்வா பதத்தில் இருந்தது. கரண்டியால் அள்ளினோம். ஆயில் பம்பின் வலை முழுக்க அடைப்பு. கிராங்க் ஷாஃப்ட், பேரிங் எல்லாம் போயிற்று.

எஞ்சினைப் புதிதாகக் கட்ட ஆன செலவில் எவ்வளவோ வருடத்துக்கு டீசலே போட்டிருக்கலாம். நான் பாதிப் பணம் கொடுக்கிறேன் என்றேன். "விடுங்க மச்சான், பாத்துக்கலாம்" என்றார். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தால், தங்கை கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். எஞ்சின் வேலைக்காகச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ நல்லதுக்குத்தானேண்ணா செஞ்ச" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. சங்கிலியை நான் மீட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

தம்பியின் அம்பாசடர்

இப்போது முன்வரிசைத் தம்பியின் வண்டிக்கு வருகிறேன். நான் போய்ப் பார்த்தேன். எஞ்சின் முன்னறை வகை. அதாவது எண்ணெயைத் தாங்கக்கூடியது. ஆனால் பம்ப் ரோட்டரி பம்ப். இந்த வகைப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. உள்ளே ஓடுகிற எரிபொருளே அதற்கு ஆயில். மிக நுண்ணிய இடைவெளியில் சுழலும் ரோட்டர் அது. கெட்டியான எண்ணெயைக் குளிர்ந்த நிலையில் இழுக்கச் சொன்னால் ஒன்று பிடித்துக்கொள்ளும், இல்லை உள்ளே ஷாஃப்ட் முறியும். இப்படி முறிந்து வந்த பம்புகளை என் கையாலேயே பிரித்திருக்கிறேன்.

பம்பை மாற்றினாலும் அடுத்த சிக்கல், தம்பி வண்டி ஓட்டும் விதம். தினமும் ஆபீஸ் 7 கிலோமீட்டர். நம் ஊர் டிராஃபிக்கில் எண்ணெய் சூடாகும்போது பாதி தூரம் போயிருப்பார். பிறகு நிறுத்துவதற்கு முன் டீசலுக்கு மாற வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எண்ணெயில் ஓடுவது ஐந்து, பத்து நிமிடம். ஜெர்மனிக்காரர் 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் நிற்காமல் போகிறார், அவருக்கு இது சரிப்படும். நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்குச் சரிப்படாது. அரைகுறைச் சூட்டில் எரியும் எண்ணெயின் புகை, வாணலியில் எண்ணெய் கருகும்போது கண் எரியுமே, அந்த ரகம். பேஸ்மென்ட்டில் அதைச் சுவாசிக்கப் போவது நம் குழந்தைகள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது வருகிற காமன் ரெயில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். நாசில் துளை தலைமுடி கனத்தில் இருக்கும். கேள்வி கேட்க இன்னொருவரும் கை தூக்கியிருந்தார், நம் ஜெனரேட்டரை இதில் ஓட்டலாமா என்று. புங்கம் எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டும் வேலையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் செய்திருக்கிறார்கள். அது ஆள் வைத்து, அளந்து, கவனித்துச் செய்தது. நம்முடையது மின்வெட்டின்போது லிஃப்ட்டில் மாட்டிய பாட்டியை வெளியே கொண்டுவர வேண்டிய இயந்திரம். அதில் பரீட்சை வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவதென்றால் அதற்குரிய நிபந்தனைப்படி கிட் பொருத்தி, ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வேண்டும். நாமே வெல்டிங் வைத்துச் செய்த டேங்க்குக்கு அந்த அங்கீகாரம் இல்லை. விபத்து என்று ஒன்று நடந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்தால் முதல் கேள்வியே அந்த டேங்க் பற்றித்தான் இருக்கும்.

அப்படியானால் எண்ணெயை என்ன செய்வது?

தம்பி செய்தது தவறு என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். கேன்களை அவர் பேஸ்மென்ட்டில் வைத்தது தவறு. சமையல் எண்ணெய் சட்டென்று தீப்பிடிக்காது, உண்மை. ஆனால் பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தானாகவே சூடேறிப் புகையக்கூடும். வண்டிகள் நிற்கிற இடத்தில் அது கூடாது.

ஆனால் அந்த 9 கேன் எண்ணெயை அவர் சேர்க்கவில்லை என்றால் அது எங்கே போயிருக்கும்? நம் சிங்க்கில். போன மே மாதம் ஏ பிளாக் தரைத்தள வீடு ஒன்றில் கழிவுநீர் திரும்பி வந்ததே, நினைவிருக்கிறதா? குழாயிலிருந்து எடுத்தது என்னவென்று நான் நின்று பார்த்தேன். வெள்ளையாக, சோப்புக்கட்டி மாதிரி, கொழுப்பு. மேலே இருக்கிற நாம் எல்லோரும் ஊற்றியது, கீழே இருக்கிற ஒரு குடும்பத்தின் அடுப்படியில் வந்து நின்றது. யாரும் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் உட்பட. அதற்கு வாட்ஸ்அப்பில் 80 பதில்களும் வரவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. வீடு வீடாக, கடை கடையாகப் பழைய எண்ணெயை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது திரும்ப எங்கே வாணலியில் ஏறுகிறது என்று நமக்குத் தெரியாது. இதைத் தடுக்கத்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு தர ஆணையம் 2018-ல் ரூக்கோ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது துருவச் சேர்மங்கள் என்று சில பொருள்கள் உண்டாகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது விதி. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிக்கும் உணவகங்கள் அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று கணக்கு வைக்க வேண்டும். அப்படிச் சேரும் எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய் பயோடீசல் ஆலைக்குக் கொடுக்கிறார்கள்.

பயோடீசல் என்பது சூடாக்கிய எண்ணெய் இல்லை, அது வேறு. எண்ணெயோடு மெத்தனாலும் ஒரு காரமும் சேர்த்து வினை நடத்தி, கிளிசரினைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஏறக்குறைய டீசல் அளவுக்கே இளகியது. 40 டிகிரியில் 6 சென்டிஸ்டோக்குக்கு மேல் போகக் கூடாது என்று தரமே இருக்கிறது. அதை டீசலில் கொஞ்சம் கலந்தால் சாதாரண எஞ்சினே ஏற்றுக்கொள்ளும். தம்பி செய்ய நினைத்த அதே நல்ல காரியம், எஞ்சினைக் கெடுக்காமல் நடக்கிறது.

அதை வீட்டிலேயே காய்ச்சலாமா என்று கேட்காதீர்கள். மெத்தனால் 2024-ல் கள்ளக்குறிச்சியில் எத்தனை உயிரைக் குடித்தது என்று பார்த்தோம். அதன் ஆவியும் விஷம். பற்றினால் தீச்சுவாலை பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது ஆலையில் நடக்கட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. நம் 144 வீட்டில் வீட்டுக்கு மாதம் அரை லிட்டர் மிஞ்சுகிறது என்று வைத்தால் 72 லிட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிற ஒரு கார் அதில் 1,000 கிலோமீட்டர் போகும். ஒரே ஒரு கார், ஒரே ஒரு மாதம். பெரிய புரட்சி இல்லை. ஆனால் அந்த 72 லிட்டர் நம் குழாயில் இறங்காமல் இருந்தால் ஏ பிளாக் தரைத்தளத்துக்கு அது பெரிய விஷயம்.

அதனால் செயற்குழுவிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். உங்கள் ஒப்புதல் வேண்டும்.

ஒன்று. செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில், திறந்தவெளியில், நிழலில், மூடி போட்ட ஒரு டிரம். பேஸ்மென்ட்டில் இல்லை.

இரண்டு. பொரித்த எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு, வடிகட்டி, பழைய எண்ணெய் பாட்டிலிலேயே ஊற்றி மூடிக் கொண்டுவந்து கொடுங்கள். தண்ணீர் சேரக் கூடாது. நெய், வனஸ்பதி கசடும் கொடுக்கலாம். எஞ்சின் ஆயில், பெயின்ட் தின்னர் எதையும் அதில் ஊற்றிவிடாதீர்கள்.

மூன்று. கல்லில், சட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கழுவுவதற்கு முன் ஒரு பழைய செய்தித்தாளால் துடையுங்கள். அடைப்பு குறைவதற்கு இதுவே பாதி வேலை. துடைத்த தாளைக் குவித்து வைக்காமல் அன்றன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள்.

நான்கு. டிரம் நிறைந்ததும் ரூக்கோ அங்கீகாரம் உள்ளவருக்கு மட்டும், ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்போம். ரசீது நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். வாசலில் வந்து கூடுதல் விலை கேட்கிறவருக்குக் கிடையாது.

ஐந்து. வீட்டில் வேலை செய்யும் அக்காக்களிடமும் இதைச் சொல்லுங்கள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுவது பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் இந்தத் திட்டம் நடக்காது.

டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு என்று செயலாளர் கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே முன்வரிசைத் தம்பி ஒப்புக்கொண்டுவிட்டார். அவருடைய 9 கேன்தான் முதல் வரவு. போன வாரம் அவர் அம்பாசடரின் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்து, நாசிலை டெஸ்ட் செய்து மாட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. பொள்ளாச்சிக் கணக்கில் கொஞ்சம் கழியட்டும் என்று வைத்துக்கொண்டேன். வண்டி இப்போது டீசலில்தான் ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகும் சத்தம் பி பிளாக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். அவருடைய அப்பா ஓட்டினபோது இப்படித்தான் சத்தம் வரும் என்று தம்பி சொன்னார்.

படம் எடுத்துப் போட்டவரும் இங்கே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் போட்டிருக்காவிட்டால் நாம் யாரும் இதைப் பேசியிருக்க மாட்டோம். அவருக்கும் நன்றி. சுண்டல் வாங்கும் வரிசையில் இருவரும் பக்கத்தில் நின்றால் எனக்கு மகிழ்ச்சி.

டிரம்முக்குச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்.

(கூட்டத்தில் திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. டிரம் வைக்கப்பட்டுவிட்டது. பாட்டில்களைச் சனி, ஞாயிறு காலை 8 முதல் 10 மணி வரை செக்யூரிட்டி அறையில் கொடுக்கலாம். – செயற்குழு)